நூற்றெழுபத்தொன்பது

உறுதிக்காணி என்றபடியால்தான் வங்கி இறங்கி வந்தது.
பேமிற் காணிக்குக் கடன் இல்லை என்று கேட்டுக் கேட்டு
ஏழு கதிரையில் இருந்து எழும்பி வந்தவள் நான்.
கனகபுரத்தில், உள்ளொழுங்கையில்,
நோர்வேக்காரரின் அற்றோணி வைத்திருந்தவர்
திறப்பைக் கழற்றித் தந்தார்,
கோர்வையைத் தரவில்லை.
அது மோட்டச்சைக்கிளோடு வந்ததாம்.

மாதம் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
ஊராரின் சீனியையும் கொலஸ்ட்ரோலையும்
குழாயில் பார்த்துச் சொல்லுகிறவளுக்கு
அது சம்பளத்தில் பாதியைத் தாண்டிப் போகும்.
ஆகவே மூன்று அறையும் வாடகைக்கு,
நான் ஸ்ரோர் றூமில்.
அண்ணா வைபரில் சிரித்தான்:
"நீ வீட்டை வாங்கினனியோ, வீட்டு வேலைக்குப் போனனியோ?"

ஆஸ்பத்திரி அறிவித்தல் பலகையில் ஒட்டினேன்.
பெண்கள் மட்டும்.
கிணற்றுத் தண்ணி கல்லுத் தண்ணி,
கேத்திலில் வெள்ளை படியும்,
பிறகு என்னைக் கேட்கக் கூடாது.

முதல் வந்த பிள்ளையைப் பேசவிடாமல்
தாய் சுவரைத் தட்டிப் பார்த்தா,
கிணற்றை எட்டிப் பார்த்தா.
"இது இறைச்சதோ?"
எதைக் கேட்கிறா என்று இங்கே யாருக்கும் விளங்கும்.
"ரெண்டு தரம்" என்றேன்.
"இன்னொருக்கா இறையுங்கோ" என்றா. போனவைதான்.

இன்னொருக்கா இறைத்தேன், ஆறாயிரம்.
சேற்றோடு ஏறி வந்தது ஒரு தையல் மெசின்.
மேசை இல்லை, கால் இல்லை, தலை மட்டும்.
நோர்வேக்கு எடுத்துக் கேட்டேன்.
"எங்கட இல்லைப் பிள்ளை.
நாங்கள் விட்டுட்டுப் போனாப் பிறகு
ஆர் ஆர் வந்து இருந்தினமோ."
ஆர் ஆர்.
வாடகையும் இல்லை, பலகையில் ஒட்டவும் இல்லை.

நிலக்சனா லீசிங் கொம்பனியில் கடன் அறவிடுகிறவள்.
மூன்று மாத முன்காசை மேசையில் வைத்தாள்.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே தெரியும்,
முன்வீட்டு மலர்விழியக்காவின் தண்ணி மோட்டருக்கு
இவள்தான் போன வருசம் வந்து நின்றவள்.
எண்ணி முடித்தேன்.
அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் வருகிற கருவேப்பிலை
வருவதில்லை.

மரியசீலி வங்காலை.
வலயக் கல்விக் கந்தோரில் வேலை.
கருவாடு பொரிப்பாள் என்பதை முதலே சொன்னாள்,
பாவமன்னிப்புக் கேட்கிற குரலில்.
சரி என்றேன், யன்னலைத் திறந்துவிட்டு.

கடைசியாக விதுர்ஷா,
அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலை, ஊர் தேவிபுரம்.
என்னிடம் ஒரு கொப்பி முழுக்கக் கேள்வி இருந்தது:
ஆர் வந்து போறது, எத்தனை மணிக்கு லைற் நூர்க்கிறது,
குப்பை ஆர், காஸ் சிலிண்டருக்குப் பங்கு.
அவளிடம் ஒன்றுதான்.
"அறைக்கதவைச் சாத்தாமல் படுக்கலாமோ அக்கா?"
ஏன் என்று என் கொப்பியில் ஒரு கேள்வி வர இருந்தது.
கொப்பியை மூடினேன்.

சோளகத்துக்கு அந்தக் கதவு தானாய் அடிபடும்.
செங்கல் வைத்தாலும் தள்ளிக்கொண்டு போகும்.
தையல் மெசினைப் பார்த்தாள்,
சில்லைச் சுற்றிப் பார்த்தாள், அசையவில்லை.
"இது இனித் தைக்காது" என்று சொல்லிவிட்டு
இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்
கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.
இப்போது அடிபடுவதில்லை.
இரவில் நான் எழும்பினால்
அதில் கால் இடிக்கிறது.

இன்று தவணை கட்டினேன், முதலாவது.
விடிய ஐந்தரைக்கு, துவாயைத் தோளில் போட்டபடி,
குளியலறை வாசலில் நாலாவது ஆள்.
உள்ளே ஆரோ தண்ணியை அள்ளி அள்ளி ஊற்றுகிறாள்,
மின்சார பில் தன்னுடையது இல்லை என்ற மாதிரி.
"கெதியா" என்று தட்டினேன்.
"வரிசையில நில்லுங்கோ" என்றது குரல்.

நிற்கிறேன்.
இன்னும் நூற்றெழுபத்தொன்பது.